சாவியைக் கொடுக்கும் முன்: வாடகை வீடு, வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: வீடு கேட்டு வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி? ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். வீடு தேடுகிற ஒருவரின் கேள்வியும் இதில் உண்டு.

கேள்வி: மாடியில் இரண்டு படுக்கையறை போர்ஷன் கட்டியிருக்கிறோம். வாடகை 16,000, மெயின்டனன்ஸ் 1,500. டூ-லெட் போர்டு மாட்டி மூன்று நாளில் எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள். யாருக்குக் கொடுப்பது?
*வாசகி, குரோம்பேட்டை*

எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கலாம். நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது மூன்றே விஷயங்கள்: இவரால் மாதா மாதம் இந்த வாடகையைக் கொடுக்க முடியுமா, இதுவரை இருந்த வீட்டில் ஒழுங்காகக் கொடுத்தாரா, சொல்கிற ஆட்கள்தான் உண்மையில் குடிவரப் போகிறார்களா. முகத்தைப் பார்த்து இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது.

முதலில் உங்கள் நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் வரை, எத்தனை வண்டி, வளர்ப்புப் பிராணி உண்டா இல்லையா, அட்வான்ஸ் எவ்வளவு, எந்தத் தேதியில் காலி. போனில் விசாரிக்கிறவர்களிடமே இதைச் சொல்லிவிட்டு, ஐந்து கேள்வி கேளுங்கள். இப்போது எங்கே இருக்கிறீர்கள், எத்தனை வருடமாக? ஏன் மாறுகிறீர்கள்? எத்தனை பேர் குடிவருவீர்கள்? வேலை அல்லது தொழில் என்ன? எப்போது வர வேண்டும்? எட்டுப் பேரில் நான்கு பேர் இந்தக் கட்டத்திலேயே விலகிவிடுவார்கள். "நாளைக்கே வரணும், அட்வான்ஸ் எவ்வளவு கேட்டாலும் தரேன்" என்பவரிடம் மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி கேளுங்கள்: இப்போதிருக்கும் வீட்டுக்காரரிடம் எப்போது சொன்னீர்கள்? ஒழுங்காகக் காலி செய்கிறவர் ஒரு மாதம் முன்பாவது சொல்லியிருப்பார்.

வீட்டைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொன்னவர்களிடம் ஒரு பக்க விண்ணப்பம் வாங்குங்கள். குடிவரும் ஒவ்வொருவரின் பெயரும் வயதும், இப்போதைய வீட்டுக்காரர், அதற்கு முந்தைய வீட்டுக்காரர் இருவரின் பெயரும் எண்ணும், வேலை செய்யும் இடம், கைக்கு வரும் சம்பளம், கட்டிவரும் இ.எம்.ஐ., சொந்த ஊர் முகவரி, அவசரத்துக்கு அழைக்க ஓர் எண். இவ்வளவு போதும்.

அடுத்து கணக்கு. வாடகையும் மெயின்டனன்ஸும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, இ.எம்.ஐ.யையும் சேர்த்தால் பாதியைத் தாண்டக் கூடாது. ஒருவருக்குக் கையில் 58,000 வருகிறது, இ.எம்.ஐ. 15,500 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுக்கு 17,500. மொத்தம் 33,000, அதாவது சம்பளத்தில் 57 சதவீதம். மீதி 25,000-இல் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அடக்கம் என்றால், ஜூன் மாதம் வாடகை தள்ளிப்போகும். உடனே மறுத்துவிட வேண்டும் என்பதில்லை. அந்தக் கடன் எப்போது முடிகிறது என்று கேளுங்கள். வண்டிக் கடன் 6,500 இன்னும் நான்கு மாதத்தில் முடிந்துவிடும் என்றால் கணக்கு 26,500-க்கு இறங்கிவிடும். அது சமாளிக்கக்கூடிய தொகை.

டோக்கன் அட்வான்ஸ் எல்லாவற்றுக்கும் கடைசி. "இன்னைக்கு நல்ல நாள், ஆயிரமாவது வாங்கி வைச்சுக்குங்க" என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். அவருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். வீடு எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு நல்லது. ஆடி பிறந்தால் யாரும் குடிவர மாட்டார்கள் என்று ஆனிக் கடைசியில் யாரையாவது பிடித்துப் போடுகிற வீட்டுக்காரர்கள் நிறைய. ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் நட்டம் 16,000. நான்கு மாத பாக்கியோடு ஒருவர் அசையாமல் உட்கார்ந்தால் 64,000, அதற்கு மேல் வக்கீல் செலவு. எதற்குப் பயப்பட வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

கேள்வி: ஐ.டி. வேலை என்று மூன்று மாத பே ஸ்லிப் கொடுத்திருக்கிறார். அது அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?
*வாசகர், வேளச்சேரி*

பே ஸ்லிப்பைத் தனியாகப் பார்க்காதீர்கள். பக்கத்திலேயே ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு பாருங்கள். ஸ்லிப்பில் உள்ள நிகரச் சம்பளமும் கணக்கில் வரவான தொகையும் ரூபாய் சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். வரவு வரியில் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். மாதா மாதம் ஏறக்குறைய அதே தேதியாகவும் இருக்க வேண்டும். தனிநபர் ஒருவர் ஜி-பே மூலம் 60,000 அனுப்பியிருந்தால் அதைச் சம்பளம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்லிப்பில் பிடித்தங்களைக் கவனியுங்கள். போலி தயாரிக்கிறவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். பி.எஃப். பிடித்தம் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதமாக இருக்கும். அல்லது பி.எஃப்.புக்கான 15,000 சம்பள வரம்பை வைத்து 1,800 ஆக இருக்கும். அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால் 3,600 அல்லது 1,800 வர வேண்டும். 2,750 என்றிருந்தால் என்ன கணக்கு என்று கேளுங்கள். தொழில் வரி இன்னொரு இடம். தமிழ்நாட்டில் அது அரையாண்டுக்கு ஒரு முறை கணக்கிடப்படுவது, உச்சம் 1,250. சில நிறுவனங்கள் மாதா மாதம் 208 என்று பிரித்துப் பிடிக்கும். சரியாக 200 என்று மாதா மாதம் போயிருந்தால் அது கர்நாடகம் போன்ற வேறு மாநிலக் கணக்கு. ஆள் பெங்களூரு கிளையில் பதிவானவராக இருக்கலாம், அல்லது இணையத்தில் கிடைத்த பெங்களூரு ஸ்லிப் மாதிரியில் பெயரை மாற்றியிருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடும். உண்மையானவர் உடனே விளக்குவார்.

சந்தேகம் தீரவில்லையென்றால், அவருடைய பி.எஃப். பாஸ்புக்கை அவர் போனிலேயே உங்கள் முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்த நிறுவனம், எந்த மாதம் வரை பணம் கட்டியிருக்கிறது என்பது அதில் இருக்கும். ஸ்டேட்மென்ட்டும் அப்படித்தான்: ஜெராக்ஸைவிட, வங்கிச் செயலியைத் திறந்து அவரே காட்டுவது நம்பகமானது. காகிதத்தில் எண்ணைத் திருத்துவது இப்போது பத்து நிமிட வேலை.

ஸ்டேட்மென்ட்டில் சம்பள வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இன்னும் இரண்டு விஷயம் தேடுங்கள். ஒன்று, "ஏ.சி.ஹெச். ரிட்டர்ன்", "இ.சி.எஸ். ரிட்டர்ன் சார்ஜ்" என்ற வரிகள்: கணக்கில் பணமில்லாமல் இ.எம்.ஐ. திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். ஆறு மாதத்தில் ஒன்று என்றால் மறதி. நான்கு என்றால் அவர் மாதக் கடைசியில் தத்தளிக்கிறார். இரண்டாவது எல்லாவற்றையும்விட முக்கியம்: இப்போதைய வீட்டு வாடகை எந்தத் தேதியில் போயிருக்கிறது? ஆறு மாதமும் 5-ஆம் தேதிக்குள் போயிருந்தால், அதைவிட நல்ல நற்சான்று வேறு இல்லை. பணம் போன பெயரும், விண்ணப்பத்தில் எழுதிய வீட்டுக்காரர் பெயரும் ஒன்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வேலையில் சேர்ந்து ஆஃபர் லெட்டர் மட்டும் வைத்திருப்பவரை ஒதுக்காதீர்கள். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல், நிறுவனத்தின் இணையதளத்தில் எண் எடுத்து விசாரியுங்கள். பெற்றோரில் ஒருவரை ஒப்பந்தத்தில் உத்தரவாதியாகக் கையெழுத்திடச் சொல்லலாம்.

கேள்வி: ஆதார் ஜெராக்ஸ் வாங்கி வைத்தால் போதாதா?
*வாசகர், திருச்சி*

போதாது. ஜெராக்ஸில் பெயரையும் போட்டோவையும் மாற்றுவது சுலபம். ஆனால் அட்டையில் உள்ள க்யூ.ஆர். கட்டத்தை மாற்ற முடியாது. அது ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்தோடு வருவது. ஆணையத்தின் அதிகாரபூர்வச் செயலியால் ஸ்கேன் செய்தால் பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, போட்டோ ஆகியவை திரையில் வரும். திரையில் வருவதும், அட்டையில் அச்சாகியிருப்பதும், எதிரில் நிற்பவரும் ஒன்றாக இருக்க வேண்டும். மோசடி அட்டைகளில் க்யூ.ஆர். வேறொருவருடையதாக இருக்கும், அல்லது ஸ்கேனே ஆகாது. மங்கலான ஜெராக்ஸிலும் ஸ்கேன் ஆகாது என்பதால், அசல் அட்டையை அல்லது பதிவிறக்கிய இ-ஆதாரைக் கேளுங்கள். போன் கேமராவில் உள்ள சாதாரண ஸ்கேனர் இதற்குப் பயன்படாது, வெறும் எண்களாகக் காட்டும்.

ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். ஏதாவது பிரச்சினை என்றால் நோட்டீஸ் அனுப்ப உங்களுக்குத் தேவைப்படப் போவது அந்த முகவரிதான். கோப்பில் வைக்க, கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். முழு எண் உங்களுக்கு எதற்கும் வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு பே ஸ்லிப்பே கிடையாது. பனியன் ஜாப் ஒர்க் செய்கிறவர் வீடு கேட்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?
*வாசகர், திருப்பூர்*

தொழில் செய்கிறவரின் வருமானம் ஏறி இறங்கும். அதனால் ஒரு மாதத்தைப் பார்க்காமல் பன்னிரண்டு மாதத்தைப் பாருங்கள். நடப்புக் கணக்கின் ஓராண்டு ஸ்டேட்மென்ட், கடைசி இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்த ஒப்புகை. இரண்டும் இருந்தால் போதும்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால் வேலை இன்னும் எளிது. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த 15 இலக்க எண்ணை அடித்தால் நிறுவனத்தின் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா அல்லது ரத்தாகிவிட்டதா என்பது யாருக்கும் தெரியும். எண்ணையே படிக்கலாம்: முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்துகள் அப்படியே பான் எண். தனிநபர் நிறுவனம் என்றால் அவர் தரும் பான் அட்டையும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பானில் நான்காவது எழுத்து 'பி' என்றால் தனிநபர், 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. "என் சொந்தக் கம்பெனி" என்று சொல்லிவிட்டு, வந்த எண்ணில் 'எஃப்' இருந்தால் மற்ற பங்குதாரர்கள் யார் என்று கேட்கலாம்.

இதெல்லாம் இல்லாத சின்ன ஜாப் ஒர்க்காரர் என்றால் யூனிட்டுக்கே ஒரு முறை போய்வாருங்கள். வேலை நடக்கிற இடம் பார்த்தாலே தெரியும். யாரிடமிருந்து ஆர்டர் வருகிறது, பில் போட்டு எத்தனை நாளில் பணம் வரும் என்று கேளுங்கள். 60 நாள், 90 நாள் கழித்துத்தான் பணம் வரும் தொழிலில் ஒன்றாம் தேதி வாடகையை எதிர்பார்ப்பது இரு தரப்புக்கும் சங்கடம். பணம் வரும் தேதியைத் தெரிந்துகொண்டு, வாடகைத் தேதியை 10 என்றோ 15 என்றோ ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சனிக்கிழமைச் சம்பளம் வாங்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கு, மாத வாடகையை இரண்டாகப் பிரித்து வாங்கினால் பாக்கி விழுவது குறையும்.

கேள்வி: பழைய வீட்டுக்காரரிடம் விசாரித்தால் உண்மையைச் சொல்வாரா?
*வாசகி, கோவை*

இப்போதைய வீட்டுக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தொல்லை கொடுக்கும் ஆளை எப்படியாவது அனுப்ப நினைப்பவர் "தங்கமான பிள்ளை" என்றுதான் சொல்வார். நல்ல குடித்தனக்காரரை இழக்க மனமில்லாதவர் முகத்தைச் சுளிப்பார். அவருக்கு முந்தைய வீட்டுக்காரருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அவர் பேச்சுக்குத்தான் எடை அதிகம். அதனால்தான் விண்ணப்பத்தில் இரண்டு பேருடைய எண்ணையும் கேட்கச் சொன்னோம்.

வீட்டுக்காரர் என்று நண்பரின் எண்ணைக் கொடுப்பதும் நடக்கிறது. "எப்படி, ஆள் நல்லவரா?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான் வரும். விவரமாகக் கேளுங்கள். எந்த மாதம் குடிவந்தார், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தார், இ.பி. பில்லை யார் கட்டினார்கள், காலி செய்தபோது அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தீர்கள், எதற்காகப் பிடித்தீர்கள்? உண்மையான வீட்டுக்காரருக்கு இவையெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். கடைசியாக ஒன்று: "திரும்ப அவருக்கு வீடு கொடுப்பீர்களா?" பதில் வருவதற்கு முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: போலீஸ் சரிபார்ப்பு கட்டாயமா?
*வாசகர், ஓசூர்*

ஊரைப் பொறுத்தது. காவல் ஆணையர்களும் மாவட்ட நிர்வாகமும் அவ்வப்போது இதற்கு உத்தரவு போடுவது உண்டு. சென்னையில் 2012-இல் அப்படி ஓர் உத்தரவு வந்தது. உத்தரவு அமலில் இருக்கும்போது விவரம் கொடுக்காத வீட்டுக்காரர் மீதே வழக்குப் போடலாம். உத்தரவு இல்லாவிட்டாலும் கொடுத்துவிடுவதே நல்லது: குடிவருவோரின் போட்டோ, அடையாள அட்டை நகல், சொந்த ஊர் முகவரி, ஒப்பந்த நகல். ஒரு பிரதியில் நிலைய முத்திரையோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் கட்டணம் செலுத்தி, வாடகைதாரர் பின்னணிச் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்கலாம்.

இது குற்ற வழக்கு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். வாடகை கொடுப்பாரா என்று சொல்லாது. ஒன்றைச் செய்தால் மற்றது வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கிறேன். போரூர் ஃபிளாட்டை ஒரு 'பிராப்பர்ட்டி மேனேஜ்மென்ட்' ஆள் 22,000-க்குத் தானே எடுத்துக்கொள்வதாகவும், குடிவருவோரைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொல்கிறார். பக்கத்து ஃபிளாட்களுக்கு 19,000-தான். ஒப்புக்கொள்ளலாமா?
*வாசகர், துபாய்*

நிதானியுங்கள். இப்படி ஆரம்பித்து மூன்று தரப்பும் காவல் நிலையத்தில் முடிகிற மோசடி சென்னையிலும் பெங்களூருவிலும் திரும்பத் திரும்ப நடக்கிறது.

அது நடக்கும் விதம் இது. உங்களிடம் மாத வாடகைக்கு எடுப்பவர், மூன்று மாத அட்வான்ஸ் 66,000 கொடுக்கிறார். பிறகு 'லீஸ்' தேடும் ஒரு குடும்பத்தைப் பிடித்து, "ஓனர் வெளிநாட்டில், எல்லா அதிகாரமும் என்னிடம்" என்று சொல்லி 8 லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு குடிவைக்கிறார். மூன்று வருடம் வாடகையே இல்லை, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. பெரும்பாலும் நகையை அடகு வைத்துத் திரட்டிய பணம் அது. உங்களுக்கு ஐந்து மாதம் வாடகை ஒழுங்காக வரும்: 1,10,000. ஆறாவது மாதம் போன் அணைந்துவிடும். அட்வான்ஸையும் சேர்த்து அவர் செலவழித்தது 1,76,000. எடுத்துக்கொண்டு போனது 6,24,000. இதையே பத்து ஃபிளாட்டில் செய்தால் எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் வீட்டில் ஒரு குடும்பம், அவர்கள் கையில் ஒரு பத்திரம், வாடகை இல்லை. அவர்களும் ஏமாந்தவர்கள்தான்.

அறிகுறிகள் முன்பே தெரியும். சந்தை வாடகையைவிடக் கூடுதலாகத் தர ஒப்புக்கொள்வார், பேரம் பேச மாட்டார். குடிவருவது யார் என்று கேட்டால் "கம்பெனி ஸ்டாஃப்" என்பார், பெயர் சொல்ல மாட்டார். கிரயப் பத்திர நகல், வீட்டு வரி ரசீது, இ.பி. அட்டை எல்லாம் கேட்பார். ஒப்பந்தத்தில் 'உள்வாடகைக்கு விடும் உரிமை உண்டு' என்று ஒரு வரி நுழைத்திருப்பார், அல்லது பொது அதிகாரப் பத்திரம் கேட்பார்.

செய்ய வேண்டியது: ஒப்பந்தம் உண்மையில் குடிவருகிற குடும்பத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும், வயது வந்தோர் அனைவரின் பெயரும் போட்டோவும் அதில் இருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் ஆளுக்கு வேலை ஒப்பந்தம் தனியாகப் போடுங்கள், வாடகை உங்கள் கணக்குக்கே நேராக வரட்டும். உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். கிரயப் பத்திர நகல் யாருக்கும் வேண்டாம். குடிவருகிற அன்று வீடியோ அழைப்பில் அந்தக் குடும்பத்திடம் நீங்களே பேசி, "யாரிடம் எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பல குடும்பங்கள் தப்பியிருக்கும். அபார்ட்மென்ட் சங்கச் செயலாளரிடமும் வாட்ச்மேனிடமும் உங்கள் எண் இருக்கட்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தாதீர்கள், அது சட்ட விரோதம். குடியிருக்கும் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு மத்தியக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். இரண்டு தரப்பும் ஒன்றாகப் போனால் வழக்குக்கு வலு அதிகம்.

கேள்வி: "ராணுவத்தில் இருக்கிறேன், சென்னைக்கு மாற்றல், வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புகிறேன்" என்று ஒருவர் க்யூ.ஆர். அனுப்பியிருக்கிறார்.
*வாசகி, ஆவடி*

ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். சீருடைப் போட்டோவும் கேன்டீன் அட்டையும் அனுப்பி நம்பவைப்பது இவர்கள் வழக்கம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

கேள்வி: நாங்கள் சைவம். சாதி கேட்பது, பேச்சிலர் வேண்டாம் என்பது எல்லாம் தவறா? நம் வீடு, நம் இஷ்டம் இல்லையா?
*வாசகர், கும்பகோணம்*

சாதி கேட்பது தவறு. அது ஒருவர் வாடகை கொடுப்பாரா, சுவரைக் கெடுப்பாரா, மோட்டாரை ஓடவிட்டுத் தூங்குவாரா என்று எதையும் சொல்லாது. "நீங்க என்ன ஆளுங்க?" என்று வாசலில் நிற்பவரிடம் கேட்பது அவரை அவமதிப்பது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரைப் பிறர் முன்னிலையில் சாதியை வைத்து இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். சாதியையும் மதத்தையும் விட்டுவிட்டு, நாம் மேலே சொன்ன ஆவணங்களைப் பார்த்த வீட்டுக்காரர்கள் நல்ல குடித்தனக்காரர்களைத் தவற விட்டதில்லை. ஆவணம் பார்க்காமல் "நம்ம ஆளு" என்று சாவி கொடுத்தவர்கள் பாக்கிக்கு அலைவது எல்லா ஊரிலும் உண்டு.

சட்டம் நேரடியாகவே தடுக்கும் இரண்டு இடங்கள் பலருக்குத் தெரியாது. திருநர் என்பதற்காக வீடு மறுக்கக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

ஒரே கூரைக்குக் கீழ் நீங்களும் இருக்கிறீர்கள், சமையலறை வாசம் சிரமம் என்றால் அதைப் போனிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். வந்து பார்த்த பிறகு குறுக்கு விசாரணை வேண்டாம். தனியாக வாழும் பெண், பிரிந்து வாழ்பவர் என்றால் "கணவர் எங்கே?" என்று தொடங்காதீர்கள். சம்பளத்தையும் பழைய வாடகையையும் எல்லோரிடமும் கேட்பதுபோல அவரிடமும் கேளுங்கள்.

பேச்சிலர்களுக்கு விடுவதில் ஒரே ஒரு சிக்கல்: நான்கு பேரில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு, அவரே முதலில் காலி செய்துவிடுவார். நான்கு பேரின் பெயரும் ஒப்பந்தத்தில் வரட்டும். முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு என்று எழுதுங்கள். ஒருவர் மாறினால் புதியவருக்கும் விண்ணப்பம், ஆதார், கையெழுத்து எல்லாம் உண்டு.

கேள்வி: வீடு தேடுகிறேன். ஆதார், ஸ்டேட்மென்ட், சிபில் ரிப்போர்ட் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். எவ்வளவு தூரம் கொடுக்கலாம்?
*வாசகி, மேடவாக்கம்*

வீட்டைப் பார்க்கும் முன் எதையும் அனுப்ப வேண்டாம். புரோக்கருக்கு உங்கள் ஸ்டேட்மென்ட் எந்தக் கட்டத்திலும் தேவையில்லை; வீட்டுக்காரரிடம் நேரில் காட்டுங்கள். ஸ்டேட்மென்ட்டில் சம்பளம், வாடகை, இ.எம்.ஐ. வரிகளை விட்டு மற்றவற்றைக் கறுப்பு அடித்துக் கொடுக்கலாம், அது நியாயமே. ஆதார் மறைக்கப்பட்ட நகல் போதும். ஒவ்வொரு நகலின் குறுக்கேயும் "மேடவாக்கம் வாடகை வீட்டுக்காக மட்டும்" என்று எழுதி, தேதியோடு கையெழுத்திடுங்கள். எழுத்து, அச்சின் மேல் விழ வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம்.

கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை வீட்டுக்காரர் தானாக எடுக்க முடியாது. நீங்கள்தான் எடுத்துக் காட்ட முடியும். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். மதிப்பெண் 300 முதல் 900 வரை. கடனே வாங்காதவருக்கு மதிப்பெண்ணே இருக்காது, அது குறை ஆகாது. வீட்டுக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

டோக்கன் கொடுக்கும் முன், வாங்குகிறவர்தான் உரிமையாளரா என்று வீட்டு வரி ரசீதையும் இ.பி. பில்லையும் கேளுங்கள். அவர் உங்களைச் சரிபார்ப்பதுபோல நீங்களும் அவரைச் சரிபார்க்கலாம். டோக்கனுக்கு ரசீது அவசியம்: தொகை, எந்த வீடு, எந்தத் தேதி வரை வீட்டைப் பிடித்து வைப்பார், வேண்டாம் என்றால் எவ்வளவு திரும்ப வரும்.

கேள்வி: எல்லாம் பார்த்தாயிற்று. 11 மாத ஒப்பந்தம் போட்டால் பதிவு வேண்டாம்தானே?
*வாசகர், மதுரை*

அது பழைய பேச்சு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் கட்டாயம் பதிய வேண்டும் என்பதால்தான் 11 மாத வழக்கம் வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. அதன்படி ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்றாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் இணையவழியில் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பாக்கிக்கு வாடகை நீதிமன்றம் போனால் முதல் படியிலேயே சிக்கல். இருவருக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

சாவி கொடுக்கிற அன்று இ.பி. மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ரீடிங் என்பதால், நடுவில் மாறும் குடித்தனங்களின் சண்டையில் பாதி இதில்தான் தொடங்குகிறது.

கேள்வி: பிரெஞ்சு மாணவி ஒருவர் ஓராண்டுக்கு மாடி அறை கேட்கிறார்.
*வாசகி, கொட்டிவாக்கம்*

தாராளமாகக் கொடுங்கள். பாஸ்போர்ட், விசா நகலும் கல்லூரிக் கடிதமும் வாங்குங்கள். அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு 'படிவம் சி' எனப்பட்டது) இணையத்தில் நீங்கள்தான் தாக்கல் செய்ய வேண்டும். வீட்டில் ஓர் அறை மட்டும் கொடுத்தாலும் இது பொருந்தும்.

கேள்வி: ஒருவரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. மற்றவர்களிடம் எப்படிச் சொல்வது? அவர்கள் கொடுத்த காகிதங்களை என்ன செய்வது?
*வாசகர், சேலம்*

அன்றே சொல்லிவிடுங்கள், அவர்கள் வேறு வீடு பார்க்க வேண்டும். "வீடு வேறொருவருக்கு முடிந்துவிட்டது, வந்து பார்த்ததற்கு நன்றி" என்று இரண்டு வரி போதும். சம்பளம் போதவில்லை என்பதுதான் காரணம் என்றால், கேட்டால் மட்டும் அதைச் சொல்லுங்கள். டோக்கன் யாரிடமாவது வாங்கியிருந்தால் அதே நாளில், வந்த கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். தேர்ந்தெடுத்தவர் முழு அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வரை இரண்டாமவரின் எண்ணை மட்டும் வைத்திருங்கள். அதன் பிறகு மற்றவர்களின் நகல்களைக் கிழித்துவிடுங்கள், போனில் வந்தவற்றை கேலரியிலிருந்தும் அழித்துவிடுங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போடும் கட்டில் அவை போகவே கூடாது.